நாளை வா என்ற நகரம்

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. பொறுத்திருந்தும் ஆறடி நிலத்துக்கு மேலாக எதையும் ஆளாது மறைந்தவர்களும் உலகில் உண்டு. அத்தகையோருடைய பொறுமையை அளப்பதற்கு அப்பழமொழி போதாது. இன்று மியன்மார் என வழங்கும் பர்மா தேசத்தின் பழைய தலைநகராகிய ஆவாவிலே, கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு அதிகாரிகளின் வாயில்களுக்கு நடந்த ஆன் ஜட்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி அவர்களுள் ஒருவர். அவருடைய வரலாறு பெரும்பாலும் வீரக் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கின்றது. அவ்வம்மையார் 1826ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் கணவரின் சகோதரருக்கு எழுதிய நீண்ட கடிதத்தைப் படிப்போருக்கோ வீரத்தினும் மேலாக வேறொன்று புலப்படும். இன்றைய நாளை நாளைய நாள்வரை கொண்டுபோய்ச் சேர்த்தல் என்னும் சிறு தொழிலே அது.

ஆன் அம்மையார் 1789ஆம் ஆண்டில் மசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பிராட்போர்ட் என்னும் ஊரிலே பிறந்தவர். 1812ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆந் திகதி அதோனிராம் ஜட்சன் என்னும் இளம் போதகரை மணந்தார். இரண்டு கிழமைகள் கழிந்து, அம்மாதம் 19ஆந் திகதி, 'கரவன்' என்னும் சிறு பாய்க்கப்பலிலே மணமக்கள் இருவரும் சேலம் துறைமுகத்தினின்றும் கீழைத் தேயத்துக்குப் புறப்பட்டனர். அதே கப்பலில் அவர்களுடன் பயணஞ் செய்த மற்றொரு தம்பதியர் சாமுவேல் நியூவெலும் அவர் மனைவி ஹரியற்றும் ஆவர்.

தடங்கல் கல்கத்தாவிலேயே தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பனியார் இவர்களை அங்கே தங்கவிடவில்லை; நாட்டை விட்டு அகலுமாறு கட்டளை பிறந்தது. நியூவெல் தம்பதியர் முதலிற் புறப்பட்டு மொரீசியசுத் தீவை நாடிச் சென்றனர். கடலின் நடுவே ஹரியற்றுக்குக் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் அது இறந்தது. தாயும் அவ்வாண்டு நவம்பர் 30ஆந் திகதி, தமது பத்தொன்பதாவது வயதிலே, அத்தீவில் உயிர் நீத்தார். தனிமையுற்ற நியூவெல் அடுத்த ஆண்டில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தைப் பற்றி அவர் தம் சங்கத்தாருக்கு எழுதியனுப்பிய செய்தியே 1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து குடியேற ஒரு காரணமாயிற்று. வட்டுக்கோட்டைச் செமினறியின் பெயரைக் கேள்விப்பட்ட நேயர்கள் அதன் வரலாற்றின் தொலைவான தொடக்கத்திலே ஒரு பாய்க்கப்பலும், ஐந்து நாள் மட்டுமே உயிர்வாழ்ந்த ஒரு குழந்தையும் உண்டு என்பதை அறிந்துகொள்ளலாம்.

ஜட்சன் தம்பதியரோ மொரீசியசு, சென்னை என்று அலைந்து, 1813ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இரங்கூனை அடைந்தனர். அக்கடற்பயணத்திலே ஆன் அம்மையாருக்குப் பிறந்த முதற் குழந்தைக்கு உயிர் இருக்கவில்லை. இரங்கூனில் 1815இல் ஓர் ஆண்மகவு பிறந்தது. ரொஜர் என்று பெயரிட்டு வளர்த்தனர். எட்டாம் மாதத்தில், 1816 மே மாதத்தின் தொடக்கத்தில், காய்ச்சல் கண்டு அதுவும் இறந்தது. சமயப் பணியிலும் பலன் எளிதிற் கிட்டவில்லை. மொழியைக் கற்றனர், நூல்களை எழுதினர், வழிப்போக்கரோடு உரையாடினர். எனினும் முதலாவது பர்மியர், மாங் நௌ என்பவர், திருமுழுக்குப் பெற்றது 1819ஆம் ஆண்டு யூன் மாதத்திலேதான். ஆறு ஆண்டுகள் ஒரு தோட்டத்தை நட்டு நீர் ஊற்றியவன் ஒரே ஒரு பூவைக் கண்டாற் போன்றது அது. இவை யாவும் பின்னர் வந்த சோதனைக்கு ஒரு முன்னுரை என்றே கொள்ளத் தகும்.

1824ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் அரசனிருந்த ஆவா நகருக்குச் சென்றனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஆங்கிலேயர் பர்மாமீது போர் பிரகடனஞ் செய்தனர். மே மாதத்தில் இரங்கூன் அவர்கள் கைப்பட்டது. வெள்ளையர் அனைவரும் ஒற்றர்களே என்னும் ஐயம் அரண்மனையிற் பரவியது. ஜட்சன் அமெரிக்கர், ஆங்கிலேயர் அல்லர். ஆயினும் அவருக்கு உரிய பணம் வங்காளத்திலிருந்து ஆவாவில் வாழ்ந்த ஆங்கில வணிகர் ஒருவர் மூலமாக வந்துகொண்டிருந்தது. அவ்வணிகருடைய கணக்குப் புத்தகத்திலே ஜட்சன் பெயரைக் கண்ட அதிகாரிகளுக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. யூன் 8ஆந் திகதி பிற்பகலுணவு வேளையில் வீட்டுக்குள் நுழைந்த சேவகர் அவரை நிலத்தில் வீழ்த்திக் கயிற்றாற் பிணித்து, மரண தண்டனை பெற்றோரை அடைக்கும் சிறைக்கு இழுத்துச் சென்றனர். அங்கே மூன்று சோடி விலங்குகள் அவர் கால்களிற் பூட்டப்பட்டன.

அன்று ஆன் அம்மையார் கருவுற்றிருந்தார்.

அடுத்து வந்த ஏழு மாதங்களிலும் அரசாங்க அதிகாரி ஒருவரையோ அரச குடும்பத்தவர் ஒருவரையோ சென்று காணாத நாள் அரிது என்று அவர் எழுதுகின்றார். அந்த ஒரு வாக்கியத்தினுள் எத்தனை நடை, எத்தனை வெயில், எத்தனை வாயிற்காவலர் அடங்கியிருக்க வேண்டும்! சிறை அவருடைய வீட்டிலிருந்து இரண்டு மைல் தொலைவிலிருந்தது. உணவு கொண்டு சென்று கணவரைக் கண்டு, இருள் சூழ்ந்தபின் தனித்து வீடு திரும்புவார். நகரத் தலைவனுக்குப் பரிசுகள் கொடுத்தார். அவன் மனைவி அன்பு கூர்ந்து அளித்த பர்மிய உடையை அணிந்து, அந்நாட்டுப் பெண்டிரைப் போலவே நடமாடினார். அரசியின் உறவினளான ஒரு சீமாட்டியிடம் மன்றாடி விண்ணப்பத்தை உள்ளே அனுப்பினார். அவர்களைக் கொல்லப் போவதில்லை, இருக்கிறபடியே இருக்கட்டும் என்பதே அரசியின் மறுமொழியாக வந்தது. மகா பந்துல என்னும் பெருஞ் சேனாதிபதியிடமும் விண்ணப்பித்தார். ஆங்கிலேயரைத் துரத்தி இரங்கூனை மீட்டுத் திரும்பிய பின்னர் கைதிகள் எல்லாரையும் விடுவிப்பதாக அங்கிருந்து பதில் கிடைத்தது. பந்துல இரங்கூனை மீட்கவுமில்லை, திரும்பவுமில்லை. 1825 ஏப்ரல் முதலாந் திகதி போர்க்களத்தில் இறந்துபட்டான்.

இல்லை என்னும் சொல் கொடியதுதான்; எனினும் அதைக் கேட்டவர் அழுது தீர்த்து வேறு வழி தேடலாம். இருக்கிறபடியே இருக்கட்டும் என்பதற்கு அழவும் இயலாது, ஆறவும் இயலாது. நாள்தோறும் சிறிது நம்பிக்கையைக் கொடுத்து மாலையில் அதைத் திருப்பிப் பறித்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. ஆன் அம்மையாருடைய விசுவாசம் இந்த இடத்திலேதான் உரைத்துப் பார்க்கப்பட்டது. தேவசித்தம் இதுவாகில் வீட்டிலிருந்து செபித்துக்கொண்டிருப்போம் என்று அவர் அமர்ந்துவிடவில்லை. தேவன் செயலாற்றுவார் என்று நம்பியபடியாலேயே மறுநாட் காலையிலும் அதே வாயிலுக்குச் சென்றார் போலும். சமயப் பற்றுக்கும் சோம்பலுக்கும் வேறுபாடு காணாதவர்கள் இக்கடிதத்தின் நடுப்பகுதியை ஒருமுறை படித்தல் நன்று.

1825 சனவரி 26ஆந் திகதி மேரியா பிறந்தாள். பிறந்து இருபதாம் நாள் தாய் அவளைச் சிறைக்கு எடுத்துச் சென்று தந்தைக்குக் காட்டினார். விலங்கிட்ட கால்களோடு இருந்த தந்தை அக்குழந்தையைக் குறித்து மனத்தகத்தே ஒரு கவிதை இயற்றினார். அது பின்னர் அச்சாகியது. மார்ச் மாதத்தில் விலங்குகள் ஐந்து சோடியாயின. கோடை வெப்பத்தில், நூற்றுக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்ட உட்சிறையிலே, ஜட்சன் காய்ச்சலுற்றார். அம்மையார் மீண்டும் மீண்டும் நகரத் தலைவன் வீட்டுக்கு நடந்து, சிறைமுற்றத்தில் ஒரு மூங்கிற் குடிசை அமைக்க அனுமதி பெற்றார். அந்த முதிய தலைவனைப் பற்றி அவர் நன்றியோடு எழுதுகின்றார். கைதிகளை இரகசியமாகக் கொன்றுவிடும்படி மும்முறை தனக்குக் கட்டளை வந்ததாகவும், தான் அதனை நிறைவேற்றவில்லை எனவும் அவன் கண்ணீரோடு அவரிடம் கூறியிருக்கின்றான். விடுவிக்க அவனால் இயலவில்லை. கொல்ல மனம் வரவில்லை.

மே மாதம் 2ஆந் திகதி அந்தக் குடிசையும் இல்லாதொழிந்தது. அம்மையார் தலைவன் அழைப்புக்கிணங்கி அவன் வீட்டுக்குச் சென்றிருந்த வேளையில், கைதிகள் யாவரும் வெளியே இழுக்கப்பட்டு, கொதிக்கும் மணலிலே வெறுங்காலோடு நடத்தப்பட்டனர். ஜட்சனுடைய பாதங்களின் தோல் உரிந்துபோயிற்று. உடன் சென்ற வங்காள ஏவலாளன் ஒருவன் தன் தலைப்பாகையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தன் எசமானுக்கும் மறு பாதியை ஜட்சனுக்கும் கால்களிற் சுற்றிக்கொள்ளக் கொடுத்தான். கணவர் எங்கே கொண்டுபோகப்பட்டார் என்று தெருத் தெருவாகக் கேட்டறிந்த அம்மையார், மறுநாள் மூன்று மாதக் குழந்தையோடும், தாம் வளர்த்து வந்த இரு பர்மியச் சிறுமியரோடும், வங்காளச் சமையற்காரனோடும் படகேறினார். பின்பு மாட்டு வண்டியேறினார். அவுங்பின்லே என்னும் அச்சிற்றூரிற் சிறைக்கூடம் கூரையற்ற பாழ்வீடாய் இருந்தது. சிறைக் காவலன் தன் வீட்டிலே பாதிவரை தானியம் நிறைந்த ஓர் அறையை அம்மையாருக்குக் காட்டினான். ஆறு மாதம் அதுவே அவருக்கு வீடு.

வந்த மறுநாளே சிறுமியருள் ஒருத்திக்கு வைசூரி கண்டது. மற்றச் சிறுமிக்கும் காவலனுடைய பிள்ளைகளுக்கும் அம்மையார் தாமே ஊசியால் அம்மைப்பால் குத்தினார். அவர்கள் விளையாட்டைக்கூட நிறுத்தாமல் தேறினர். செய்தி பரவவே ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் தாய்மார் கொண்டுவந்தனர். ஆனால் மேரியாவின் கையிற் குத்தியது மாத்திரம் பலிக்கவில்லை. மூன்றரை மாதக் குழந்தைக்கு நோய் முழு வலிமையோடு வந்தது. தேறுவதற்கு மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. ஊரார் குழந்தைகளைக் காத்த கை தன் குழந்தையைக் காக்க இயலாது போனதை அம்மையார் நீட்டி எழுதவில்லை. எழுதியிருந்தால் அது முறையீடாக முடிந்திருக்கும். முறையிடும் நோக்கம் அவருக்கு இல்லை.

அதன்பின் அவரே நோயுற்றார். மருந்து பெறுவதற்காக ஆவாவுக்குச் சென்று திரும்பி, பாயில் விழுந்தவர் இரண்டு மாதத்துக்கு மேலாக எழுந்திருக்கவில்லை. தாய்ப்பால் வற்றியது. அவ்வூரிலே செவிலித்தாய் அகப்படவில்லை. பசுப்பால் துளியும் இல்லை. கைதியாகிய தந்தை காவலருக்குக் கையுறை கொடுத்து வெளியே வர அனுமதி பெற்று, எலும்புந் தோலுமான குழந்தையை ஏந்திக்கொண்டு வீடு வீடாகச் சென்று, பாலூட்டும் தாய்மாரிடம் சிறிது பால் கேட்டு இரந்தார். பர்மியருக்கு வேதத்தைக் கொடுக்க வந்தவர் பர்மியத் தாய்மாரிடம் பாலை ஏற்று நின்ற காட்சி அது. கொடுப்பவன் யார், பெறுபவன் யார் என்னும் கணக்கு அந்தத் தெருக்களிலே தலைகீழாயிற்று. சமையற்காரனும் அவ்வாறே. சாதி ஆசாரத்தில் ஊறிய அவன், ஆசாரத்தையும் கூலியையும் ஒருங்கே மறந்து, விறகு தேடி நீர் சுமந்து, மாலைவரை தான் உண்ணாமல் அவர்களைப் பேணினான். விசுவாசத்தாலே நிலைத்தார்கள் என்று இவர்களைப் பற்றிச் சொல்வது மெய்யே. ஆயினும் அந்த விசுவாசத்தைத் தாங்கி நின்ற கைகளுட் பல, அவர்கள் சமயத்தைச் சேராதவர்களுடைய கைகளாய் இருந்தன. கடிதம் எழுதியவர் இதனை மறைக்கவில்லை.

ஜட்சனும் மற்றக் கைதிகளும் அவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டது உயிரோடு புதைக்கப்படுவதற்காகவே என்பது பின்னர் தெரியவந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்த புதிய சேனாதிபதி, தானே அரசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டுக் கொலையுண்டான். ஆங்கிலப் படை முன்னேறி வரவே, சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். சிறையிட்ட அரசே 1825 நவம்பர் மாதத்தில் ஜட்சனை அழைத்துப் பாசறைக்கு அனுப்பியது. பதினேழு மாதம் மனுக்களால் ஆகாதது போர்த்தேவையால் ஆயிற்று.

ஆவாவுக்குத் திரும்பிய அம்மையாரைக் கடுங் காய்ச்சல் பற்றியது. அறிவு மயங்கி, அயலார் இறந்துவிட்டார் என்று எண்ணும் அளவுக்குத் தாழ்ந்தார். காய்ச்சல் கண்ட வேளையில், முன்பு பலமுறை தேடியும் கிடையாதிருந்த செவிலித்தாய் ஒருத்தி தானாக வந்து குழந்தையை ஏற்றுக்கொண்டாள். சற்றுத் தேறிய நாட்களிலே, பாசறையிலிருந்து திரும்பிய கணவரை மறுபடியும் அவுங்பின்லேக்கு அனுப்பப் போகின்றார்கள் என்ற செய்தி காதில் விழுந்தது. எழுந்து நடக்க வலியில்லை. எந்த வாயிலுக்கும் போதல் இயலாது. செபத்தின் பெறுமதியைத் தாம் என்றேனும் உணர்ந்ததுண்டாகில் அது அப்பொழுதே என்று அவர் குறிப்பிடுகின்றார். ஆபத்துக் காலத்திலே தம்மை நோக்கிக் கூப்பிடும்படி சங்கீதத்திற் சொல்லியிருக்கும் கடவுளை நோக்கி அவர் கூப்பிட்டார். கால்கள் உள்ளவரை கால்களால் வேண்டியவர், கால்கள் ஓய்ந்தபின் படுக்கையிலிருந்து வேண்டினார். முன்னது வேறு, பின்னது வேறு என அவர் கருதியதாகத் தெரியவில்லை. அந்தப் பழைய நகரத் தலைவனே பிணை நின்று ஜட்சனை விடுவித்தான்.

1826 பெப்ரவரி 24ஆந் திகதி யாண்டபோ உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. காத்திருப்பு முடிந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். யூலை மாதத்தில் ஆங்கிலேயர் அமைத்த அம்ஹர்ஸ்ட் என்னும் புதிய துறைமுகத்திலே குடும்பம் குடியேறியது. ஜட்சனோ ஆங்கிலத் தூதுக் குழுவோடு மீண்டும் ஆவாவுக்குச் செல்ல இசைந்தார். புதிய உடன்படிக்கையில் மதச் சுதந்திரத்துக்கு ஒரு வாசகத்தைச் சேர்க்கலாம் என்பதே அவர் நம்பிக்கை. அது நிறைவேறவில்லை. அவர் அங்கே காத்துக்கொண்டிருந்த காலத்தில், அக்டோபர் 24ஆந் திகதி, ஆன் அம்மையார் காய்ச்சலால் இறந்தார். வயது முப்பத்தாறு. கணவர் திரும்பி வந்தபோது, இரண்டு வயதாகும் மேரியா அவரை அறியாது அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 1827 ஏப்ரல் 24ஆந் திகதி அவளும் தாயின் அருகே, மரத்தடியில், அடக்கம் செய்யப்பட்டாள்.

இதற்குப்பின் ஜட்சனுடைய உள்ளம் எவ்வாறு இருந்தது என்பதைச் சில வரலாற்றாசிரியர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர், அது முறையன்று. அவர் மனிதரை விட்டு ஒதுங்கினார். காட்டிலே குடில் கட்டித் தனித்திருந்தார். ஒரு புதைகுழியைத் தோண்டி அதன் விளிம்பில் அமர்ந்து மரணத்தையே சிந்தித்தார். கடவுளை நம்புவதாகவும், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்றும் எழுதினார். ஆவாவில் ஐந்து சோடி விலங்கு செய்யாததை அம்ஹர்ஸ்ட் கல்லறைகள் இரண்டும் செய்தன. அந்த இருளிலிருந்து அவரை மீட்டது ஏதோ ஒரு திடீர்த் தரிசனம் அன்று. விட்ட இடத்திலே வேலை கிடந்தது; அதனை எடுத்துச் செய்யத் தொடங்கினார்.

அந்த வேலையைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. கைதாவதற்கு முன்னரே புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்பைக் கையெழுத்துப் பிரதியாக அவர் முடித்திருந்தார். அம்மையார் அதனை முதலில் மண்ணிற் புதைத்து வைத்தார். மழைக்காலத்தில் ஈரம் பட்டு அழியும் என்று அஞ்சி, பின்னர் பஞ்சினுள் வைத்துத் தைத்து, ஒருவரும் விரும்பாத கடினமான தலையணையாக்கிச் சிறையில் கணவரிடம் கொடுத்தார். மே மாதத்திலே கைதிகளை இழுத்துச் சென்றபோது சேவகன் ஒருவன் மேலுறையை எடுத்துக்கொண்டு உள்ளிருந்த பஞ்சுப் பொதியை எறிந்துவிட்டான். மாங் இங் என்னும் பர்மியக் கிறிஸ்தவர் தம் ஆசிரியரின் நினைவாக எதையாவது வைத்துக்கொள்ள விரும்பி அப்பொதியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அதனுள் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. மாதங்கள் பல கழிந்து பிரித்துப் பார்த்தபோது ஏடுகள் பழுதின்றி இருந்தன.

1834 சனவரி 31ஆந் திகதி ஜட்சன் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியிலே பெயர்த்து முடித்தார். கடைசி ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலிட்டதாக அவர் எழுதியிருக்கின்றார். திருத்திய பதிப்பு 1840இல் வெளிவந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் நோய் தீரும் என்று கடற்பயணம் மேற்கொண்டவர், 1850 ஏப்ரல் மாதத்தில் கப்பலிலேயே இறந்து, வங்காள விரிகுடாவில் அடக்கமானார். அவரது மொழிபெயர்ப்பை மியன்மாரின் திருச்சபைகளில் மக்கள் இன்றும் வாசிக்கின்றனர்.